சத்தம் வைக்காத படம்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு என்று போட்டிருந்தார்கள், இரண்டு அடித்து நாலு நிமிடம் ஆகிவிட்டது, இன்னும் சோப்பு விளம்பரம்தான் ஓடுகிறது, ஒருவேளை படத்தை மாற்றிவிட்டார்களோ என்று நினைத்தபோது ஒரு நொடி சந்தோஷமாகக்கூட இருந்தது, மாற்றியிருந்தால் எவ்வளவு நல்லது, என் வீட்டுக்காரி பிரமு அங்கே புனேயில் மகள் வடிவு வீட்டு சோபாவில் உட்கார்ந்து வேறு எதையாவது பார்த்துவிட்டு நாலு மணிக்குப் போனில் என்ன எழவு படம் என்று திட்டுவாள், நானும் ஆமாம் என்பேன், வம்பில்லாமல் போகும். ஆனால் இதோ வந்துவிட்டது. அதே சாம்பல் நிறத் தண்ணீர், அதே படகுத்துறை, அதே டிக்கெட் கூண்டு. ஏழு வருஷத்துக்கு முன் இதே நாற்காலியில் இதே நேரத்தில் பார்த்தது. கூண்டுக்குள் அந்த அம்மாள் கையுறை போட்ட விரலால் டிக்கெட் கிழிக்கிறாள், கிழிபடுகிற சத்தம் இல்லை, படகு கிளம்புகிறது, அதற்கும் சத்தம் இல்லை, எங்கள் வீட்டில் மத்தியானப் படங்கள் எல்லாமே சத்தமில்லாமல்தான் ஓடும். பிரமு தூங்குகிற நேரம். பிரமு ஊரில் இல்லாத இந்த ஒன்பது மாதமும் அப்படித்தான் ஓடுகிறது. ரிமோட்டில் சத்தத்தை நிறுத்தும் பொத்தானில் இருந்த படம் தேய்ந்தே போய்விட்டது. தூங்குகிறவள் ஆயிரம் மைல் தள்ளி இருக்கிறாள், நான் யாருக்காகப் பூனை மாதிரி நடக்கிறேன் என்று எனக்கே சிரிப்பு வரும், ஆனாலும் விரல் தானாக அங்கே போய்விடுகிறது. காலடியில் தையல் மெஷின் எண்ணெய்ப் பாட்டில் இருக்கிறது. காலையில் எடுத்து வைத்தது. வாசல் கேட்டின் கொண்டி தூக்கினாலும் போட்டாலும் தெருவுக்கே கேட்கிற மாதிரி கிறீச்சிடுகிறது, பிரமு இங்கே இருந்தவரை அதில் கைவைக்க விடமாட்டாள், இப்போது இரண்டு சொட்டு விட்டுவிடலாம் என்று எடுத்தேன், அப்புறம் படம் முடியட்டும் என்று வைத்துவிட்டேன்.

நேற்று அவள் அதைச் சொன்னபோது நான் எதுவும் காட்டிக்கொள்ளவில்லை. 'அந்தப் படகுப் படம் நாளைக்குப் போடுதானாம், பேரக் கேட்டதும் எனக்குத் தெரிஞ்சிட்டு, நானும் பாக்கப்போறேன், வடிவு அடியில ஓடுத எழுத்த வாசிச்சுச் சொல்லுதேன்னுட்டா' என்றாள். அது ரொம்ப மெதுவாகப் போகும், உனக்குப் பொறுமை இருக்காது என்றேன். 'நான் என்ன ஓடவா போறேன்' என்றாள். பேரப்பிள்ளைகள் விடமாட்டார்களே என்றேன். 'ரெண்டும் அந்நேரம் தூங்கிரும்' என்றாள். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தாள். எத்தனை படம் நான் சொல்லிக் கேட்டிருப்பாள், இருநூறு இருக்குமா, ஒன்றைக்கூடத் தானாகப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதில்லை, தோன்றியது இந்த ஒன்றைத்தானா. இதன் முடிவைத்தான் நான் மாற்றிச் சொல்லியிருக்கிறேன். இதில் அந்த அம்மாளைவிட்டுப் போன மகன் திரும்பி வரமாட்டான். வந்தான் என்று சொல்லியிருக்கிறேன். இன்னும் ஒன்றரை மணி நேரத்தில் அது அவளுக்குத் தெரிந்துவிடும், அவள் முகம் எப்படி ஆகும் என்று இங்கிருந்து நான் பார்க்க முடியாது.

மற்றப் படங்களிலும் மாற்றியிருக்கிறேன், இல்லையென்று சொல்லமாட்டேன். முதல் படத்திலிருந்தே. வடிவு கல்யாணத்துக்கு அப்புறம் டிஷ் வாங்கி மாட்டிய புதிதில், கிரிக்கெட்டைத் தேடிப் பொத்தானை அமுக்கிக்கொண்டே போனபோது வெளிநாட்டுப் படம் போடுகிற அந்தச் சேனல் அகப்பட்டது. ஒரு பனி ஊரில் ஒரு பெண் ஏதோ சான்றிதழுக்காகக் கையில் டோக்கனை வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்தே இருந்தாள். கவுன்டரில் இருந்தவன் அவள் முறை வந்ததும் டிபன் டப்பாவைத் திறந்தான். அட, நம்ம ஆபீஸ்தான் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அடியில் இங்கிலீஷ் எழுத்து ஓடியது, எனக்கு அதில் சிரமமே இல்லை, முப்பத்தொரு வருஷம் தந்தி ஆபீசில் இருந்தவனுக்கு எட்டு வார்த்தையில் ஒரு குடும்பத்தின் கதையைப் புரிந்துகொள்வது பெரிய காரியமா. உள் அறையில் பாயை விரித்துக்கொண்டிருந்த பிரமு 'அந்தச் சத்தத்தக் கொறைக்கியளா' என்றாள். குறைத்தேன். இன்னும் என்றாள். நிறுத்தியேவிட்டேன். எழுத்துதான் ஓடுகிறதே, சத்தம் எதற்கு? நாலு மணிக்குக் காப்பி குடிக்கும்போது கதையைச் சொன்னேன். அவள் டம்ளரைப் பிடித்துக்கொண்டு கேட்டாள், 'பொறவு? சீல் போட்டுக் குடுத்தானா இல்லியா?' படத்தில் அது வரவே இல்லை, அந்தப் பெண் வெளியே வந்து பனியில் நடந்து போனாள், அவ்வளவுதான். குடுத்துட்டான் என்றேன். 'குடுக்காம எங்க போவான்' என்று எழுந்து டம்ளரைக் கழுவப் போனாள். அன்றைக்கு வந்த பழக்கம். காணாமல் போன ஆடுகளை நான் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறேன், பிரிந்தவர்களை ரயில் நிலையத்தில் சேர்த்து வைத்திருக்கிறேன். ஆட்களுக்கு அவளாகப் பெயர் வைப்பாள், தொப்பிக்காரன், நம்ம மூக்கி, அந்த வெளங்காதவன். இரண்டு நாள் கழித்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருக்கும்போது திடீரென்று 'மூக்கி அவன்கூடப் போயிருக்கப்பிடாது' என்பாள், எனக்கு எந்த மூக்கி என்று ஞாபகம் வர நேரமாகும். இந்தத் தெருவில் வேறு எவனிடம் போய் நான் இதையெல்லாம் பேசுவேன்? ஒருமுறை வாக்கிங் போகும்போது எதிர்வீட்டுக்காரரிடம் ஒரு படத்தைப் பற்றி ஆரம்பித்தேன், அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார், அந்தச் சேனலில் அந்த மாதிரிக் காட்சி எல்லாம் வருமோ என்று கேட்டார், அத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

கிழவன் வந்துவிட்டான். அந்த அம்மாளின் புருஷன். கம்பளித் தொப்பி, கோணல் நடை. இவன் இன்னும் இருபது நிமிடத்தில் சாகப் போகிறான், படகில் கயிறு கட்டக் குனிகிறவன் நிமிரவே மாட்டான், அதையும் நான் பிரமுவிடம் சொல்லவில்லை. கடைசிவரை உயிரோடு வைத்திருந்தேன். மகனுக்குக் கதவைத் திறந்தவனே அவன்தான் என்று சொன்னேன். இப்போது அவள் பார்த்துக்கொண்டிருப்பாள், என்ன இது, கதவைத் திறக்க வேண்டியவன் பாதியிலேயே போய்விட்டானே என்று. எனக்கு இடது தோளில் ஏதோ சுருக்கென்றது. வாயுவாக இருக்கும். மத்தியானம் சோற்றில் மோரை ஊற்றி நார்த்தங்காயைத் தொட்டுக்கொண்டு தின்றதில் வாயு எங்கிருந்து வரும்? கையை மடக்கி நீட்டினேன், விரல்கள் நன்றாகத்தான் இருக்கின்றன. இப்படியே இந்த நாற்காலியில் ஏதாவது ஆகிவிட்டால் படம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், பால்காரர் நாளைக் காலை வந்து கூப்பிட்டுப் பார்ப்பார், நாலு மணிக்கு பிரமு போன் அடித்து அடித்து, தூங்குகிறார் போல என்று நினைத்துக்கொள்வாள். பயமாகத்தான் இருக்கிறது. அறுபத்தெட்டு வயதில் பயமில்லை என்று சொல்கிறவன் பொய் சொல்கிறான். நீயும் இங்கேயே வந்துவிடேன்பா என்று வடிவு வாராவாரம் கூப்பிடுகிறாள், எனக்கு இந்தி தெரியாது, குளிர் ஒத்துக்கொள்ளாது என்று எதையாவது சொல்லித் தட்டிவிடுகிறேன். அது காரணம் இல்லை. பிரமு போகும்போது ரயில் ஜன்னலில் கையைப் போட்டுக்கொண்டு சொன்னது ஒன்றே ஒன்று. 'நீங்க இருங்க. வீட்டப் பூட்டிட்டு வரப்பிடாது.' யாருக்காகப் பூட்டக்கூடாது என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

எங்கள் மகன் குற்றாலம் வீட்டைவிட்டுப் போய்ப் பதினாலு வருஷம் ஆகிறது. மகன் பெயரை வாய்விட்டுச் சொல்லியே எவ்வளவோ நாளாயிற்று, குற்றாலலிங்கம், பள்ளிக்கூடத்தில் அருவி என்று கேலி செய்வார்கள். அவன் போனதும் ஞாயிற்றுக்கிழமைதான், அதுவும் மத்தியானம்தான். பிரமு சொதி வைத்திருந்தாள், தேங்காய்ப்பால் எடுத்து, இஞ்சித் துவையலோடு. அவன் இரண்டு வருஷமாக வேலை தேடுகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தான், அன்றைக்கு முந்தின நாள் நான் சொல்லி வைத்திருந்த ஒரு இடத்துக்கு அவன் போகவே இல்லை என்று எனக்குத் தெரிந்திருந்தது, மனசுக்குள் கொதித்துக்கொண்டு இருந்தேன். அவன் இரண்டாம் முறை சொதிக் கிண்ணத்தை இழுத்தான். சும்மா இருக்கிறவனுக்கு ரெண்டாந்தரம் எதுக்குடா குழம்பு என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். இதைவிட எத்தனையோ மோசமாகத் திட்டியிருக்கிறேன், அதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றவன்தான். கரண்டியைக் கிண்ணத்துக்குள் மெதுவாக வைத்தான். எழுந்து போய்க் கையைக் கழுவினான். செருப்பை மாட்டினான், வாசல் கேட்டின் கொண்டி தூக்குகிற சத்தம், போடுகிற சத்தம். ராத்திரி வந்துவிடுவான் என்று நான் மிச்சச் சோற்றைத் தின்றேன். தின்றேனே, அதுதான். அதற்குப் பிறகு இந்த வீட்டில் சொதி வைத்ததில்லை. வைக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவும் இல்லை.

ஆபீசில் அதற்கப்புறம் ஆறு வருஷம் வேலை பார்த்தேன். எந்த ஊரிலிருந்து தந்தி வந்தாலும் முதலில் என் கண்ணில்தான் படும், அதை வரம் என்று சொல்வதா சாபம் என்று சொல்வதா தெரியவில்லை. ஒவ்வொரு செய்தியையும் விலாசத்தைக் கையால் மறைத்துக்கொண்டு முதலில் விஷயத்தைப் படிப்பேன், நல்ல செய்தி என்றால் மட்டும் நமக்கோ என்று கையை எடுப்பேன். கடைசிவரை நமக்கு எதுவும் வரவில்லை. அதற்கு முந்தின காலத்தில், கருவி கட்டுக்கடா கட்டுக்கடா என்று தட்ட, காதால் கேட்டு எழுதிய காலத்தில், ஒரு எழுத்து மாற்றியதில்லை நான். காதால் சம்பாதித்தவன். ஆனால் ஊர் முழுக்கப் பொய்தான் அனுப்பினார்கள். 'தாயார் சீரியஸ், உடனே புறப்படு' என்று எழுதிக்கொண்டு வந்து நிற்பார்கள், நிற்கிற நிலையைப் பார்த்தாலே அந்தத் தாயார் போய்விட்டாள் என்று தெரியும், செத்துவிட்டாள் என்று ஒரு ஆள்கூட எழுதமாட்டார். வழியில் அழுதுகொண்டு வரக்கூடாதே என்றுதான். அப்படிச் செத்தவர்களையெல்லாம் சீரியஸ் என்று முப்பத்தொரு வருஷம் அனுப்பியவன், வீட்டில் ஒருத்திக்கு ஒரு படத்தின் முடிவை மாற்றிச் சொன்னது அவ்வளவு பெரிய குற்றமா? குற்றம்தான். ஏனென்றால் அவள் அதை நம்பினாள். ஆடு திரும்பி வந்ததை நம்பிய மாதிரி இல்லை. அன்றைக்கு டம்ளரில் காப்பி ஆறிப்போக விட்டாள். அதற்கு முன் அவள் தன் தங்கையிடம் மகனைப் பற்றிப் பேசும்போது 'இருக்கான்' என்பதை விட்டு 'இருந்தான்' என்று சொல்ல ஆரம்பித்திருந்தாள், நான் கேட்டிருக்கிறேன். அந்தப் படத்துக்கு அப்புறம் அது நின்றுபோனது. அவன் அறையை ஒழித்துத் துடைத்தாள், புதுசாகப் போர்வை வாங்கினாள். வருஷா வருஷம் அவன் பிறந்தநாள் வரும்போது 'அந்தப் படகுக்காரி மகன் பதினோரு வருஷம் கழிச்சுல்லா வந்தான்' என்பாள். பதினோரு வருஷம் ஆனபோது நான் நடுங்கினேன். அவள் அலுங்காமல் 'ஆளுக்கு ஆள் மாறும்' என்றாள்.

கிழவன் குனிந்துவிட்டான். கயிறு தண்ணீரில் விழுகிறது. அந்த அம்மாள் கூண்டுக்குள்ளிருந்து வாயைத் திறந்து கத்துகிறாள், சத்தம் இல்லை, எழுத்தும் வரவில்லை, பெயர் சொல்லிக் கத்தினாளா சும்மா கத்தினாளா தெரியவில்லை. பிரமுவுக்குத் தெரிந்திருக்கும். வடிவு வீட்டு டிவி சுவர் அகலத்துக்கு இருக்கும், சத்தமும் அப்படித்தான் இருக்கும். ஒரு வினாடி ரிமோட்டைக் கையில் எடுத்தேன், பிறகு வைத்துவிட்டேன். தெரிந்து என்ன செய்யப் போகிறேன்? இனிமேல் அந்த அம்மாள் ஒருத்திதான். ஒரு தட்டு, ஒரு கரண்டி, ஒரு நாற்காலியில் கோட்டு தொங்குகிறது. போன தடவை இந்தப் பாகத்தை நான் அவசரமாகத் தாண்டிவிட்டேன், எனக்கு என்ன, உள்ளே ஒருத்தி தூங்கிக்கொண்டிருந்தாள், நாலு மணிக்கு எழுந்து வருவாள். இப்போது பார்க்கும்போது அவள் ரொட்டியை வெட்டுகிற விதமே சரியாகப் புரிகிறது. ஒருத்தருக்கு எவ்வளவு வேண்டும் என்று கைக்குத் தெரியாது. எனக்கும் சோறு தினமும் மீந்துபோகிறது.

கடைசிக் காட்சி. மேஜைமேல் இரண்டு தட்டு வைக்கிறாள். ஜன்னலுக்கு வெளியே மங்கிவிட்டது. உட்காருகிறாள். கையைத் துடைக்கிறாள். மெல்ல முகத்தைக் கதவுப் பக்கம் திருப்புகிறாள். திரை கருப்பாகிறது. கருப்பாகவே கொஞ்ச நேரம் கிடந்தது, பிறகு பெயர்கள் ஓடின. அதே படம், அதே முடிவு, ஏழு வருஷத்தில் எந்த மாற்றமும் இல்லை, ஏதோ இந்தத் தடவை வந்துவிடுவான் என்று நான் கூடக் கொஞ்சம் எதிர்பார்த்திருப்பேன் போல. இப்போது அவள் அழுதுகொண்டிருப்பாள். இல்லை, அழமாட்டாள், அதுதான் பயம். போதும், வீட்டப் பூட்டிட்டு வந்துருங்க என்பாள். அதைத்தானே நான் ஒன்பது மாதமாகக் கேட்க ஆசைப்படுகிறேன், தனியாகச் சோறு தின்ன வேண்டாம், தோள் சுருக்கென்றால் பயப்பட வேண்டாம். ஆனால் அதை அவள் வாயால் சொல்லிவிட்டால் அதற்கப்புறம் குற்றாலம் எங்கே வருவான்? இவ்வளவு நாள் அவள் நம்பிக்கொண்டிருந்ததில்தான் நானும் ஒண்டிக்கொண்டு இருந்தேன். செல் அடித்தது. நாலுகூட ஆகவில்லை.

'முடிஞ்சிட்டு' என்றாள்.

'ம்.'

'கெழவன் நடுவுலயே செத்துப்போனான, அத ஏன் சொல்லல?'

'மறந்துட்டேன்.'

'மறந்தியளோ. உங்களுக்குச் சாவுன்னா பயம், அதாக்கும். நான் கெடந்து அழுதேன். வடிவு என்னம்மா இதுக்குப்போய்ங்கா.'

குரல் சாதாரணமாக இருந்தது. முப்பத்தொரு வருஷம் காதால் பிழைத்தவன், எத்தனையோ பேர் நடுக்கத்தைக் கவுன்டருக்கு அந்தப் பக்கத்திலிருந்தே கண்டுபிடித்தவன், இந்தக் குரலில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். 'ஏளா பிரமு, அந்தக் கடைசியில நான் சொன்னது...'

'வந்துட்டாம்லா' என்றாள்.

'யாரு?'

'யாரா? மகன்தான். மூஞ்சியக் காட்டல, அதுக்குள்ள இருட்டாக்கிட்டான். படகு வந்து இடிச்சு நிக்க சத்தம் கேட்டுச்சு. பொறவு பலகைல நடந்து வார சத்தம். கருப்பாயிட்ட பொறவும் நடந்துக்கிட்டே இருந்தான். நீங்க கேக்கலியா?'

வடிவும் கேட்டாளா என்றேன்.

'அவ எழுத்து நின்னதும் பிள்ளையளப் பாக்கப் போயிட்டா. நான் மட்டுந்தான் இருந்தேன்' என்றாள். 'சொதி மாதிரி ஒண்ணு ஊத்திக் குடுத்தா, அவன் ரெண்டாந்தரமும் வாங்கிச் சாப்பிட்டான்னு சொன்னியள்லா. அது மட்டும் அங்க இல்ல. அது நீங்க ஊத்துன சொதி.'

அவளுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. எது எது தெரியும், எத்தனை நாளாகத் தெரியும், அந்தப் பலகையில் நடந்து வந்த சத்தம் நிஜமாகவே படத்தில் இருந்ததா, இல்லை இவள் எனக்கு ஒரு சீரியஸ் தந்தி அனுப்புகிறாளா? நான் சத்தம் வைக்கவில்லை. சத்தம் வைக்காதவன் என்ன கேள்வி கேட்க முடியும்? அவளே கேட்டாள். 'இன்னைக்கும் சத்தம் வைக்காமலா பாத்திய?'

'பழகிட்டு. நீ தூங்குவியேன்னு வைக்காம இருந்து பழகிட்டு.'

'நான் எங்க தூங்குனேன்' என்றாள்.

மின்விசிறி சுற்றுகிறது. திரையில் அடுத்த படத்துக்கான விளம்பரம் ஓடுகிறது, யாரோ ஒருத்தி மாடிப்படியில் ஏறிக்கொண்டே இருக்கிறாள்.

'பொறவு?'

'கேட்டுக்கிட்டுல்லா கெடந்தேன். அவன் போனது அந்நேரந்தான. வந்தாலும் அந்நேரந்தான் வருவான்னு ஒரு இது. டிவி சத்தத்துல கொண்டி தூக்குறது கேக்காமப் போயிரப்பிடாதுல்லா. அதுக்குத்தான் கொறைக்கச் சொன்னேன்.' உள்ளே ஒரு குழந்தை அழுதது. 'எந்திரிச்சிட்டு. வைக்கட்டா? காப்பி போட்டுக் குடிங்க, சும்மா இருக்காதிய.'

வைத்துவிட்டாள். ஆக அத்தனை வருஷமும், அத்தனை ஞாயிற்றுக்கிழமையும், பத்தடி தூரத்தில் இரண்டு பேரும் விழித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறோம். நான் அவள் தூக்கத்துக்குக் காவலாக உட்கார்ந்திருந்தேன், அவள் தூங்கவே இல்லை. ஒரு நாள் எழுந்து போய்க் கதவைத் தள்ளிப் பார்த்திருக்கலாம். கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருப்பாள். நானும் பக்கத்தில் படுத்திருப்பேன். பார்க்கவில்லையே. படம் பார்த்துக்கொண்டிருந்தேன், எந்தத் தேசத்துக்காரியோ எவனுக்கோ காத்திருக்கிறதை.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு மறுபடி போடுவதாகத் திரையில் எழுத்து ஓடுகிறது. சத்தம் வைத்துப் பார்க்கலாம், அந்தப் பலகைச் சத்தம் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். பார்க்கமாட்டேன். டிவியை அணைத்தேன். குனிந்து எண்ணெய்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டு போய் மெஷின் பெட்டியில் போட்டு மூடினேன். பிறகு உள் அறைக்குப் போய், அவள் வழக்கமாகப் பாயை விரிக்கிற இடத்தில், வெறும் தரையில் படுத்தேன். சிமெண்டு குளிர்ச்சியாக இருந்தது. ஒரு ஸ்கூட்டர் போனது, எதிர்வீட்டில் யாரோ பக்கெட்டை நகர்த்தினார்கள், தெருக் குழாயில் தண்ணீர் வந்து காற்றடித்தது. எல்லாம் தெளிவாகக் கேட்டது. அந்த இடத்தில் படுத்தால் வாசல் கொண்டிச் சத்தம் நன்றாகவே கேட்கும்.